வைத்தியச் செலவு யார் கணக்கில்?

(தொழிற்சங்க ஊழியர்களின் வகுப்பில் ஆற்றிய உரை)

விபத்து நஷ்டஈடு என்றதும், விரலுக்கு எத்தனை சதவீதம், கைக்கு எத்தனை சதவீதம் என்ற அட்டவணைதான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்த அட்டவணை முக்கியமானதுதான். ஆனால் விரல் போன அன்று இரவு தொழிலாளியின் வீட்டில் எழுகிற கேள்வி வேறு. "ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்கிறார்களே, எங்கே போவது?" என்பதுதான் அந்தக் கேள்வி. காதுத் தோட்டை அடகு வைக்கிறார்கள். வட்டிக்காரரிடம் கை நீட்டுகிறார்கள். ஊரிலிருக்கும் மாமனுக்கும் மைத்துனனுக்கும் போன் போட்டுப் பணம் புரட்டுகிறார்கள். வழக்கு நடந்து முடிவதற்குள் அந்தக் கடன் வட்டியோடு வளர்ந்து, கடைசியில் கைக்கு வருகிற நஷ்டஈட்டையும் விழுங்கிவிடுகிறது.

ஆகவே இன்று நஷ்டஈட்டுத் தொகையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. வைத்தியச் செலவைப் பற்றிப் பேசுவோம். நாம் சொல்ல வருவது இதுதான்: வேலையில் காயம்பட்டவனுக்கு வைத்தியம் என்பது முதலாளி போடுகிற தர்மம் அல்ல, அது தொழிலாளிக்குச் சேர வேண்டிய பாக்கி. அந்தப் பாக்கி வசூலாகுமா, ஆகாதா என்பது பெரும்பாலும் கோர்ட்டில் முடிவாவதில்லை. விபத்து நடந்த முதல் நாளே, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவாகிவிடுகிறது.

இரண்டு வாசல்கள்

வெள்ளைக்காரன் ஆட்சியில், 1923ல், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. சாவுக்கும் ஊனத்துக்கும் முதலாளி பணம் கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் தொழிலாளி செலவழித்த வைத்தியப் பணத்தை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று சொல்லவில்லை. மில்லில் இயந்திரம் உடைந்தால் ரிப்பேர் செலவு முதலாளியின் கணக்கு. இயந்திரத்தை ஓட்டுகிறவனின் கை உடைந்தால் ரிப்பேர் செலவு அவனுடைய கணக்கு! இந்த அநியாயம் எண்பத்தாறு ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2009ல் நிறைவேறி 2010 ஜனவரி 18ல் அமலுக்கு வந்த திருத்தம்தான், வேலையில் பட்ட காயத்துக்கு உண்மையில் ஆன வைத்தியச் செலவை முதலாளி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தது. அதற்கு உச்சவரம்பு எதுவும் அந்த விதியில் சொல்லப்படவில்லை.

இன்னொரு வாசல் இ.எஸ்.ஐ. பேராசிரியர் அதார்க்கர் 1944ல் கொடுத்த அறிக்கையை அடிப்படையாக வைத்து 1948ல் அந்தச் சட்டம் வந்தது. 1952ல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் துவங்கியது. 1955ல் கோயம்புத்தூருக்கு வந்தது. இங்கே வைத்தியமே ஒரு உரிமை. பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது அல்ல. ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்க வேண்டும். வேலையில் காயம்பட்டு வீட்டிலிருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைக் காயத்துக்குக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

இந்த இரண்டு சட்டங்களும் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டு, அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நஷ்டஈட்டுக் கமிஷனர் என்று நாம் அழைத்து வந்த அதிகாரிக்கு அதில் "தகுதிவாய்ந்த அதிகாரி" என்று பெயர். பெயர்கள் மாறின. ஆனால் வைத்தியச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும், இ.எஸ்.ஐ. வைத்திய உரிமையும் புதிய சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. "பழைய சட்டம் போய்விட்டது, இனி ஒன்றும் கிடையாது" என்று எந்த மானேஜராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யாருக்கு எந்த வாசல் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு, இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் வேலை செய்கிறவருக்கு இ.எஸ்.ஐ.தான் வழி. அவர் முதலாளி மீது தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. 1996ல் உச்சநீதிமன்றமும் அப்படியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மற்றவர்கள் நேரே முதலாளியிடம் கேட்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதிகாரியிடம் மனுப்போட வேண்டும். இரண்டு வாசலில் ஒன்று கட்டாயம் திறந்தாக வேண்டும். ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? இந்த வாசலில் தட்டினால் அந்த வாசலைக் காட்டுகிறார்கள். அங்கே தட்டினால் இங்கே காட்டுகிறார்கள். தொழிலாளி நடுத்தெருவில் நிற்கிறார்.

முதல் சண்டை: காயம் எங்கே பட்டது?

நம் வட்டாரத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். பீகாரிலிருந்து வந்த ஒரு இளைஞர், காண்டிராக்டர் மூலம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். இரவு ஷிப்டில் பிரஸ் இறங்கி வலது கையில் மூன்று விரல்கள் போயின. பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரி இருந்தது. காண்டிராக்டரின் ஆள் அங்கே போகவில்லை. காரில் ஏற்றி, வெகுதூரம் தள்ளியிருந்த ஒரு தனியார் நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். கேள்வி தமிழில். பதில் சொன்னவர் காண்டிராக்டரின் ஆள். "ரூமில் தண்ணீர் மோட்டாரில் கை மாட்டிக்கொண்டது" என்றார். அப்படியே நோட்டில் ஏறிவிட்டது. காயம்பட்ட பையன் வலியில் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான். அவன் சொன்னதை எழுத அங்கே யாருமில்லை.

இந்த ஒரு வரிதான், தோழர்களே, பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் வேர். "வீட்டில் வழுக்கி விழுந்தார்", "பைக்கில் போகும்போது அடிபட்டார்" என்று முதல் ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் எழுதிவிட்டால், இ.எஸ்.ஐ. ஆபீசும் அதைத்தான் காட்டும். முதலாளியின் வக்கீலும் அதைத்தான் காட்டுவார். அதை உடைக்கச் சாட்சி தேட வேண்டும். சாட்சி சொல்லக் கூடியவர்கள் அதே பட்டறையில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, பயம் இருக்கிறது.

வேலைக்குப் போகும் வழியில் படும் காயத்துக்கும் இதே சண்டைதான். 1996ல் உச்சநீதிமன்றம் ஒரு இ.எஸ்.ஐ. வழக்கில், ஆலைக்குச் செல்லும் வழியில் அடிபட்டது வேலைக் காயம் ஆகாது என்று சொல்லிவிட்டது. 2010ல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வேலையோடு தொடர்பு இருக்குமானால் போகும் வழி, வரும் வழி விபத்தும் வேலைக் காயமே என்று சேர்த்தார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003ல், விடியற்காலை ஷிப்டுக்குப் போகும்போது வழியிலேயே இறந்தார். அவர் குடும்பத்துக்கு உச்சநீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது 2025 ஜூலையில். இருபத்திரண்டு ஆண்டுகள்! புதிய தொகுப்புச் சட்டம் வழி விபத்தை இரண்டு வாசலுக்கும் பொதுவாக ஏற்றிருக்கிறது. ஆனாலும் எந்த நேரத்தில், எந்த வழியில், எந்த ஷிப்டுக்குப் போனார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

"அவனுடைய அஜாக்கிரதைதான் காரணம்" என்பது இன்னொரு வாதம். இதற்குப் பயப்பட வேண்டாம். தூக்கக் கலக்கமோ கவனப் பிசகோ உரிமையைப் பறிக்காது. குடித்திருந்தார், தெளிவான உத்தரவை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளி நிரூபித்தால்தான் அவர் தப்பலாம். சாவோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்த வாதமும் செல்லாது. தடுப்பைக் கழற்றச் சொன்னவர் யார், உற்பத்தி எண்ணிக்கையை ஏற்றச் சொன்னவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது சண்டை: யார் பொறுப்பு?

அந்த இளைஞர் பெயர் இ.எஸ்.ஐ.யில் பதியப்படவே இல்லை. விபத்து நடந்த மூன்றாம் நாள்தான் பதிந்தார்கள். ஏன் பதியவில்லை? கணக்குப் பாருங்கள். 15,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 112 ரூபாய் 50 காசு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. ஒரு ஆளுக்கு மாதம் 487 ரூபாய் 50 காசு மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மனிதனின் வைத்திய உரிமையே மறைக்கப்படுகிறது. சில இடங்களில் தொழிலாளியின் பங்கையும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, கட்டாமல் விடுகிறார்கள்.

"விபத்துக்குப் பிறகு பதிந்தது செல்லாது" என்று ஆபீசில் சொன்னார்கள். நாங்கள் விடவில்லை. பதியாமல் விட்டது முதலாளியின் குற்றம். தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவர் இன்ஷ்யூர் செய்யப்பட வேண்டியவர். சந்தா கட்டவில்லை என்பதால் அவருடைய உரிமை போகாது. நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்சநீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கட்டாத பாக்கியைக் கார்ப்பரேஷன் முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். அது அவர்கள் இருவருக்கும் உள்ள கணக்கு.

காண்டிராக்ட் தொழிலாளி விஷயத்திலும் அப்படியே. "அவன் எங்கள் ஆளில்லை, காண்டிராக்டரைக் கேள்" என்று கம்பெனி சொல்லும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பிரதான முதலாளியின் பொறுப்பு எழுதப்பட்டிருந்தது. கம்பெனி கொடுத்துவிட்டுக் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் முதலாளி இன்ஷ்யூரன்ஸ் பாலிசி எடுத்திருப்பார். வைத்தியச் செலவுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்காத பாலிசிகள் உண்டு. அப்போது "பாலிசியில் இது இல்லை" என்று கம்பெனி கைவிரிக்கும். பாலிசியில் என்ன எழுதியிருந்தாலும் தொழிலாளிக்குப் பொறுப்பாளி முதலாளியே. பாலிசியைக் காட்டி அவர் ஒதுங்க இடம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது சண்டை: பில்

"அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கும்போது தனியாரிடம் ஏன் போனாய்?" என்று கேட்கிறார்கள். கொண்டுபோனவர்களே அவர்கள்தான்! நம் இளைஞர் விஷயத்தில் முதல் நாள் முன்பணம் கட்டியது கம்பெனி. மீதிப் பில் வந்ததும் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து, "இதுவரை செலவழித்ததை நஷ்டஈட்டில் கழித்துக்கொள்கிறோம்" என்றார்கள்.

இதை எல்லோரும் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளி வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை நஷ்டஈட்டில் கழிக்க முடியாது. இரண்டும் வெவ்வேறு பாக்கி. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு விளக்கம் சேர்க்கப்பட்டிருந்தது.

இ.எஸ்.ஐ. தொழிலாளியைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிரச்சினை வேறு. அவசர நிலை என்பதைக் காட்டினால்தான் பணம் திரும்பும். அதுவும் பில் தொகை முழுவதும் அல்ல. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் விகிதப்படிதான். மீதி தொழிலாளியின் தலையில். விபத்தை மறைப்பதற்காக முதலாளி தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரிக்குத் தொழிலாளி ஏன் பணம் கட்ட வேண்டும்? இதற்கு நஷ்டஈட்டு வழக்குப் போடும் வாசல் மூடியிருக்கிறது. சங்கத்தின் பலத்தால்தான் வாங்க வேண்டும். அந்தப் பட்டறையில் மூன்று ஷிப்டுத் தொழிலாளரும் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான் மீதித் தொகையைக் கம்பெனி கட்டியது. தமிழனும் பீகாரியும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நான்காவது சண்டை: வைத்தியம் எப்போது முடிந்தது?

தையல் பிரித்த மறுவாரமே "வேலைக்குத் தகுதி" என்று சர்டிபிகேட் வாங்கி, வேலைக்கு வரச் சொல்லுகிறார்கள். வராவிட்டால் வேலையை விட்டவராகக் கணக்கு. எலும்பு சேர்ந்ததா, விரல் மடங்குகிறதா, இரண்டாவது ஆபரேஷன் வேண்டுமா என்பது யாருக்கும் கவலையில்லை. வைத்தியம் சீக்கிரம் முடிந்ததாகக் காட்டினால் மூன்று விதத்தில் லாபம்: பில் நிற்கும், வீட்டிலிருக்கும் நாட்களுக்கான பணம் நிற்கும், ஊனச் சதவீதமும் குறையும்.

ஆகவே டாக்டரிடம் நேரே சொல்லச் சொல்லுங்கள்: "வலிக்கிறது, பிடிக்க முடியவில்லை, கரண்டி தூக்க முடியவில்லை." அது சீட்டில் ஏற வேண்டும். இ.எஸ்.ஐ.யில் மெடிக்கல் போர்டு கொடுக்கும் சதவீதம் குறைவு என்று பட்டால், மேல்முறையீட்டு மருத்துவத் தீர்ப்பாயம் இருக்கிறது; இ.எஸ்.ஐ. கோர்ட் இருக்கிறது. கெடு தவறாமல் போக வேண்டும்.

சதவீதம் என்பது கையின் நீளத்தை அளப்பது அல்ல. பிழைக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்பதை அளப்பது. ஒரிஸ்ஸாவில் 1968ல் ஒரு சினிமாக் கொட்டகை வேலையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. "ஒரு கைதானே போயிற்று, பகுதி ஊனம்தான்" என்று முதலாளி உச்சநீதிமன்றம் வரை போனார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனமே என்று 1975ல் தீர்ப்பாயிற்று. நஷ்டஈடு விபத்து நடந்த அன்றே பாக்கியாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்புதான். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு ஐம்பது சதவீதம் வரை அபராதம்.

கடைசியாக வருவது வெள்ளைக் காகிதம். "ஐம்பதாயிரம் வாங்கிக்கொள், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கையெழுத்துப் போடு" என்பார்கள். உரிமையைக் கைவிடும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனால் செல்லாது என்று சொல்ல வைப்பதற்கு இரண்டு வருஷம் நடக்க வேண்டும். போடாமல் இருப்பதே மேல்.

நாம் செய்ய வேண்டியவை

சங்க ஊழியர்கள் ஒவ்வொருவரும் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஒன்று. விபத்துச் செய்தி வந்த உடனே ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற வேலைகள் பொறுக்கும். பதிவேட்டில் "வேலை செய்யும்போது, இந்தக் கம்பெனியில், இந்த இயந்திரத்தில்" என்று எழுதப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். காயம்பட்டவர் வெளிமாநிலத்தவரானால் அவர் மொழி தெரிந்த ஒரு தோழரை அழைத்துப் போக வேண்டும்.

இரண்டு. ஆலையின் விபத்துப் பதிவேட்டில் ஏறியதா, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போயிற்றா என்று கேட்க வேண்டும். போகவில்லையானால் நாமே எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்க வேண்டும்.

மூன்று. மருந்துச் சீட்டு, பில், ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரு பையில், தொழிலாளியின் வீட்டில் இருக்க வேண்டும். அசலைக் கம்பெனியிடம் கொடுக்கக் கூடாது. நகல் போதும். அசல் கேட்டால் ரசீது வாங்க வேண்டும்.

நான்கு. முதலாளி தன் செலவில் டாக்டரிடம் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் உரிமை நிறுத்தி வைக்கப்படும். போகலாம், ஆனால் தனியாகப் போகக் கூடாது.

ஐந்து. மனுப்போட இரண்டு வருஷக் கெடு. "பேசி முடிக்கலாம்" என்று இழுத்தடிப்பதே அந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான்.

ஆறு. இது எல்லாவற்றிலும் முக்கியமானது. விபத்து நடப்பதற்கு முன்பே, ஒவ்வொரு தொழிலாளியிடமும் இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கிறதா, சந்தா கட்டப்படுகிறதா என்று கணக்கெடுக்க வேண்டும். நம்பர் இல்லாதவர்களின் பட்டியலோடு மானேஜ்மெண்டிடம் போவதே அடுத்த மாதத்தின் முதல் வேலையாக இருக்கட்டும்.

கோயம்புத்தூர் மில்களில் பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களையும், கல்லுடைத்துச் சிலிகோசிஸ் வந்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. தொழில்நோயும் வேலைக் காயமே. அவர்களுக்கு விபத்து ஒரு நாளில் நடக்கவில்லை. பல ஆண்டுகளாக நடந்தது. அதனாலேயே வைத்தியப் பாக்கியை மறைப்பது சுலபமாக இருக்கிறது. அதைப் பற்றித் தனி வகுப்பே நடத்த வேண்டும்.

தோழர்களே! அந்த இளைஞருக்கு விரல் திரும்பவில்லை. எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தராது. ஆனால் அவர் கடன்காரராக ஊர் திரும்பவில்லை. வைத்தியம் முடிந்தது, மாதாமாதம் ஊன உதவித் தொகை வருகிறது, அதே பட்டறையில் வேறு வேலையில் இருக்கிறார். பிரஸ்ஸுக்குத் தடுப்பும் போட்டிருக்கிறார்கள். வைத்தியச் செலவு முழுவதும் தன் கணக்கில் விழும் என்று தெரிந்த பிறகுதான் முதலாளிக்குத் தடுப்பின் விலை மலிவாகத் தெரிகிறது. நாம் வசூலிக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரி பில்லும் அடுத்த தொழிலாளியின் விரலைக் காப்பாற்றுகிறது. அந்த உணர்வோடு வேலையைத் துவங்குவோம்.